பெருங்குடல் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் காளான் கேப்சூல்: அண்ணா நகரில் வாங்கிய புட்டியைப் பற்றி

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையும் கீமோவும் முடித்து வீட்டில் தேறிவரும் என் பெரியண்ணனுக்காக, மதுரை அண்ணா நகரில் உள்ள சத்துப்பொருள் கடை ஒன்றில் காளான் கேப்சூல் புட்டி ஒன்றை வாங்கினேன். டர்க்கி டெயில், ரெய்ஷி, லயன்ஸ் மேன் ஆகிய மூன்றின் கலவை. 500 மில்லிகிராம் அளவில் 60 கேப்சூல்கள். விலை 1,850 ரூபாய்.

கடையைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகமில்லை. பில் முறையாகத் தந்தார்கள், காலாவதித் தேதியையும் அவர்களே காட்டினார்கள். விற்பனையாளரின் பேச்சுதான் சிக்கல். "ஜப்பான்ல ஆஸ்பத்திரியிலயே இததான்ணே குடுக்குறாங்க, கீமோ முடிஞ்சவங்க தைரியமா சாப்பிடலாம், டாக்டர்ட்டல்லாம் கேக்க வேண்டியதில்ல" என்றார். இதில் ஜப்பானைப் பற்றிய பகுதி பாதி உண்மை என்பதால்தான் படித்தவர்களும் நம்பிவிடுகிறார்கள்.

டர்க்கி டெயில் காளானிலிருந்து பிரித்தெடுக்கப்படும் பி.எஸ்.கே. என்னும் பொருளுக்கு, கிரெஸ்டின் என்ற பெயரில் 1977இல் ஜப்பான் அரசு மருந்தாகவே அனுமதி வழங்கியது; பின்னாளில் அங்கேயே அதன் விற்பனை நிறுத்தப்பட்டுவிட்டது. அறுவைச் சிகிச்சை முடிந்த பெருங்குடல் புற்றுநோயாளிகளுக்குக் கீமோ மாத்திரையுடன் நாளொன்றுக்கு 3 கிராம் வீதம் அதைக் கொடுத்துப் பார்த்த, 2004இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், மாத்திரை மட்டும் எடுத்தவர்களைவிடச் சேர்த்து எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்திருந்தது. ஆனால் அங்கே துணைக்குக் கொடுத்த கீமோ டெகாஃபர்-யுராசில். நம் ஊரில் பெரும்பாலும் கொடுக்கப்படும் ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து அதில் இல்லை. அதைவிட முக்கியமாக, ஆராயப்பட்டது ஒரே தரத்தில் பிரித்தெடுத்த மருந்து. வெறும் காளான் பொடி அன்று. ரெய்ஷியைப் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும், அதைப் புற்றுநோய்க்கு முதன்மைச் சிகிச்சையாகக் கொள்ளப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது.

இனி புட்டிக்கு வருவோம். நாளொன்றுக்கு இரண்டு கேப்சூல் என்று லேபிள் சொல்கிறது. அதாவது மூன்று காளானும் சேர்ந்து ஒரு கிராம். எடையில் மட்டுமாவது 3 கிராமை எட்ட வேண்டுமானால் தினமும் ஆறு கேப்சூல் விழுங்க வேண்டும், புட்டி பத்து நாளில் தீர்ந்துவிடும், மாதச் செலவு 5,550 ரூபாயாகும். அப்போதும் உள்ளே போவது பி.எஸ்.கே. அன்று. காளானில் பயன்தருவதாகக் கருதப்படும் பீட்டா குளுக்கன் எத்தனை சதவீதம், மாவுச்சத்து எத்தனை சதவீதம், வெந்நீரில் பிரித்தெடுத்த சாறா அல்லது வெறுமனே அரைத்த பொடியா என்ற விவரம் எதுவும் லேபிளில் இல்லை. நம் காளான் பண்ணைகளில் வேகவைத்த சோளத்தில் வித்துத் தயாரிப்பதைப் போலவே, இவ்வகைப் பொடிகளில் பலவும் தானியத்தில் வளர்த்த பூஞ்சை இழையைத் தானியத்தோடு சேர்த்து அரைத்தவை. ஒரு கேப்சூலைப் பிரித்து, வெளிர்பழுப்பான அந்தப் பொடியை வெந்நீரில் கரைத்து, ஆறியபின் வீட்டிலிருந்த பெட்டாடைன் என்ற அயோடின் மருந்தில் சில சொட்டு விட்டேன். நீர் உடனே கருநீலமாக மாறியது. மாவுச்சத்து இருப்பதற்கான பள்ளிக்கூடச் சோதனைதான் இது, அளவைச் சொல்லாது. ஆயினும் 1,850 ரூபாய்க்கு எவ்வளவு தானியம் வாங்கினோம் என்று கேட்கவைக்கிறது.

லேபிளின் முன்புறம் நோய் எதிர்ப்பாற்றல் என்று கொட்டை எழுத்தில் இருக்க, மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று என்ற வாசகம் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி சத்துப்பொருள்கள் இந்த வாசகத்தைத் தாங்கியாக வேண்டும். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதையோ 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அச்சில் எழுத முடியாததைத்தான் கல்லாவில் வாயால் சொல்கிறார்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியதில்லை என்ற பேச்சை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. ரெய்ஷி இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், ஆஸ்பிரின் எடுப்பவர்களும் மறு அறுவைக்குக் காத்திருப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். ரெய்ஷிப் பொடியால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. குடலில் ஒரு பகுதியை எடுத்தவர்களுக்கு ஏற்கெனவே வயிறு இளகிப் போகும் நிலையில், புதிதாக ஒரு பொடியைச் சேர்த்தால் எது எதனால் என்று மருத்துவரும் குழம்புவார். அண்ணனின் மருத்துவர் லேபிளைப் படித்துவிட்டு வேண்டாம் என்றார், நிறுத்திவிட்டோம்.

அரசு இராஜாஜி மருத்துவமனையில் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ்ச் செலவில்லாமல் கீமோ பெறும் உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் கடன் வாங்கி இதை வாங்கக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு எழுதுகிறேன். 889 பேர் பங்கேற்று 2025இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், கீமோவுக்குப் பின் முறையான உடற்பயிற்சித் திட்டத்தில் மூன்றாண்டு இருந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் திரும்புவது குறைந்தது. மருத்துவர் சம்மதித்தால் நடைப்பயிற்சிக்குக் காசு தேவையில்லை. கையிலிருக்கும் பணத்தை, நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்க உதவும் சி.இ.ஏ. இரத்தப் பரிசோதனைக்கும், பெருங்குடலின் உட்புறத்தைக் கேமராவால் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிக்கும் ஒதுக்கி வையுங்கள்.

கடைக்கு ஐந்தில் மூன்று, புட்டிக்கு ஒன்று. அவர்கள் ஆய்வக அறிக்கையைக் காட்டினால் மதிப்பெண்ணை மாற்றத் தயாராக இருக்கிறேன். அறிக்கை கேட்டு அவர்களுடைய வாட்ஸ்அப் எண்ணுக்கு எழுதியபோது, புதிய விலைப்பட்டியல்தான் பதிலாக வந்தது.