ப்ளஸ் ஒன்: கோபாலபுரத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள், அக்கா மகள் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் மூன்று கட்டம் போட்டுக் கொண்டுவந்தாள். முதல் கட்டத்தில் பயோ-மேத்ஸ் (கணிதமும் உயிரியலும் உள்ள குரூப்), பொள்ளாச்சி. இரண்டாவதில் ப்யூர் சயின்ஸ் (கணிதம் இல்லாமல் தாவரவியல், விலங்கியல் உள்ள குரூப்), பொள்ளாச்சி. மூன்றாவதில் கொழிஞ்சாம்பாறை, அத்தை வீடு. "சித்தி, நீங்களே ஒன்னு சொல்லுங்க" என்றாள். எங்கள் ஊரிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம்தான். அதைத் தாண்டினால் கேரளா. இரண்டு பக்கமும் சொந்தம் இருக்கிற வீடுகளில் மே மாதம் வந்தால் இந்தப் பேச்சு வந்துவிடும்.

அவளுக்குக் கால்நடை டாக்டர் ஆக வேண்டும். வீட்டில் மூன்று மாடு. கன்று ஈனும் இரவில் முதலில் எழுந்து ஓடுகிறவள் அவள்தான். அந்த ஆசையை நடுவில் வைத்துத்தான் மூன்று கட்டங்களையும் பார்த்தேன்.

முதலில் கேரளப் பக்கம். அத்தை வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் பத்து நிமிட நடை. இங்கே இருந்தால் பஸ்ஸுக்கு மட்டும் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் போகிறது. இது சாதாரண விஷயம் இல்லை. அங்கே அறிவியல் பாடங்களுக்கு மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள்தான். நீட் எழுதுகிறவர்கள் எப்படியும் அவற்றைப் படித்தாக வேண்டும். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இரண்டு வருட மதிப்பெண்ணும் சேர்ந்து மொத்தம் 1200. அதனால் முதல் வருடத்தை யாரும் ஓய்வாக எடுத்துக்கொள்ள முடியாது. தமிழை இரண்டாம் மொழியாக எடுக்கவும் வழி உண்டு. எந்தப் பள்ளியில் என்று முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பக்கம் ப்ளஸ் டூவில் ஆறு பாடம், 600 மதிப்பெண். 2025-26 முதல் ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்தது நல்லதுதான். ஆனால் எனக்கு இதில் ஒரு பயம் இருக்கிறது. பொதுத்தேர்வு இல்லை என்றதும் ப்ளஸ் ஒன் பாடத்தை மேலோட்டமாக முடித்துவிட்டு ப்ளஸ் டூ பாடத்துக்குத் தாவுகிற பழக்கம் திரும்பி வந்துவிடும். நீட்டிலும், ஐ.ஐ.டி. போன்ற பொறியியல் கல்லூரிகளுக்கான ஜே.இ.இ. நுழைவுத்தேர்விலும் ப்ளஸ் ஒன் பாடத்திலிருந்தும் கேட்கிறார்கள். அதில்லாமல், ப்ளஸ் ஒன் வேதியியல் புரியாதவருக்கு ப்ளஸ் டூ வேதியியல் மனப்பாடம்தான்.

இதுவரை பார்த்தால் கொழிஞ்சாம்பாறைதான் மேல் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்புறம்தான் சேர்க்கை விதிகளை எடுத்து வைத்துப் பார்த்தோம்.

தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவப் படிப்புக்கு நீட் வேண்டாம். ப்ளஸ் டூ மதிப்பெண்தான்: உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்குப் போடுகிறார்கள். கேரளத்தில் அதே படிப்புக்கு நீட் ரேங்க் வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் விரிந்தது. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைப்பதற்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டு வரை என்கிற கணக்குதான். இவள் ஐந்து வருடம் அரசுப் பள்ளியில் படித்துவிட்டாள். இன்னும் இரண்டே வருடம். செக்போஸ்டைத் தாண்டி ப்ளஸ் ஒன் சேர்ந்தால் அந்த ஐந்து வருடமும் கணக்கில் வராமல் போய்விடும்.

அந்தப் பக்கத்திலிருந்து இங்கே வந்து சேர நினைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வண்ணாமடையிலிருந்து ப்ளஸ் ஒன்னுக்குப் பொள்ளாச்சி வந்தால் பள்ளியில் இடம் கிடைக்கலாம், 7.5 சதவீதம் கிடைக்காது. தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங்கிலும் எட்டு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தார் என்றுதான் பார்க்கிறார்கள். கேரளப் பிள்ளை கடைசி இரண்டு வருடம் மட்டும் இங்கே படித்தால் போதாது.

சரி, ஊர் முடிவாயிற்று. இனி குரூப்.

பயோ-மேத்ஸ் எடுத்தால் ரெண்டுக்கும் போலாம் என்பது எங்கள் மாமா கட்சி. பதினைந்து வயதுப் பிள்ளையின் மனசு மாறலாம், கணிதத்தை இப்போது விட்டால் பொறியியல் போய்விடும் என்றார். அதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. பொறியியல் கட்ஆஃப் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ப்யூர் சயின்ஸில் கணிதமே இல்லை. பொறியியல்தான் ஆசை என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் போதும். உயிரியலைச் சுமக்கத் தேவையில்லை.

ப்யூர் சயின்ஸ் என்றால் சுலபம் என்று நினைப்பவர்கள் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கட்டும். பயோ-மேத்ஸில் உயிரியல் ஒரே பாடம். தாவரவியலுக்கு 35, விலங்கியலுக்கு 35 என்று எழுத்துத்தேர்வு பிரிந்திருக்கும். ப்யூர் சயின்ஸில் இரண்டும் தனித்தனிப் பாடம், தனித்தனி செய்முறைத் தேர்வு. ரெக்கார்ட் நோட்டில் படம் வரைந்தே சனிக்கிழமை தீர்ந்துவிடும். சுமையின் எடை கிட்டத்தட்ட ஒன்றுதான், வகைதான் வேறு. கணிதத்துக்குத் தினமும் ஒரு மணி நேரமாவது பேனா பிடித்துப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் விட்டால் கை மறந்துவிடும். தாவரவியலை ஞாயிற்றுக்கிழமை இரண்டு பாடம் சேர்த்துப் படித்துக்கொள்ளலாம்.

அதனால் அவளுடைய ஒரு நாளைத் தாளில் எழுதினோம். எட்டேகால் பஸ். திரும்பி வீடு சேர ஐந்தரை. மாட்டு வேலை ஆறரை வரை. பத்து மணிக்குப் படுக்கை என்றால் சாப்பாடு போக மூன்று மணி நேரம், விடிகாலையில் ஒரு மணி நேரம். மொத்தம் நான்கு. பொள்ளாச்சியில் தினசரி டியூஷன் சேர்த்தால் வீடு வர எட்டரை ஆகும்; இந்த நான்கு இரண்டாகிவிடும். வகுப்பில் கேட்டதைத் தானாக உட்கார்ந்து போட்டுப் பார்க்க நேரமே இல்லாத பிள்ளைக்கு இன்னொருவர் நடத்தும் வகுப்பு எதற்கு? டியூஷன் வேண்டுமானால் இயற்பியலுக்கு மட்டும், சனி ஞாயிறில் என்று வைத்தோம்.

விண்ணப்பம் கொடுக்கப் பத்து நாள் இருந்தது. மாமாவிடம் ஒரு சோதனை செய்துவிடலாம் என்றேன். ப்ளஸ் ஒன் பாடநூல்களை அரசு இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. இறக்கிக்கொண்டு, பஸ் நேரத்தை வெறுமனே கழித்துவிட்டு, மீதி நான்கு மணி நேரத்தில் பயோ-மேத்ஸ் அட்டவணையை ஐந்து நாள், ப்யூர் சயின்ஸ் அட்டவணையை ஐந்து நாள் நடத்திப் பார்த்தாள். மூன்றாம் நாள் கணிதக் கணக்கு பாதியில் நிற்க, நோட்டின் மேலேயே தூங்கிவிட்டாள். உயிரியலைத் தொடவே இல்லை. நான்காம் நாளும் அப்படித்தான். அடுத்த ஐந்து நாளில் ஒருநாள் நான் பால் ஊற்றப் போனபோது விலங்கியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தொழுவத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். பசு அசைபோடுவதைப் பார்த்துப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

மாமா விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது கட்டம். காலண்டர் தாள் இப்போது அவள் படிக்கிற இடத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் வாரம் இரண்டு மாலை தனியாகக் குறித்திருக்கிறாள். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. அந்த நேரத்துக்கு அத்தை வீட்டுக்குப் போய்வர வேண்டுமாம்.