செயின் கடையா, காமிக்ஸ் கடையா? மங்கா சேர்ப்பவருக்கான கணக்கு

அமெரிக்காவில் மங்கா என்ற ஜப்பானியக் காமிக்ஸைப் படிப்பவருக்கு இன்று நான்கு வழிகள் உண்டு. பார்ன்ஸ் அண்ட் நோபிள், புக்ஸ்-எ-மில்லியன் போன்ற செயின் கடைகள், பக்கத்துக் காமிக்ஸ் கடையில் பெயர் கொடுத்துவைப்பது, இணையக் கடை, மாதச் சந்தாச் செயலி. என் ஓட்டு காமிக்ஸ் கடைக்கு, நான் வாங்குவதும் அங்கேதான். அலமாரி நீளம், தள்ளுபடி, உட்கார்ந்து புரட்டும் வசதி எல்லாவற்றிலும் செயின் கடை முந்தும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். நடுவில் ஒரு தொகுதிகூட விட்டுப்போகாமல் தொடரை முடிக்க முடிகிறதா என்ற ஒற்றைக் கேள்விதான் எனக்கு முடிவைத் தீர்மானித்தது.

செயின் கடைக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிட வேண்டும். அமெரிக்காவில் மங்கா வாசிப்பைப் பெரிதாக்கியதே அதுதான். 2002இல் டோக்கியோபாப் பதிப்பகம் பக்கங்களைத் திருப்பிப் போடாமல், ஜப்பானில் உள்ளபடி வலமிருந்து இடமாகவே அச்சிட்டு, ஒரே அளவில், 9.99 டாலர் விலையில் தொகுதிகளை இறக்கியது. அவை போய்ச் சேர்ந்த இடம் பார்டர்ஸ் என்ற செயின் புத்தகக் கடையும் மால்களில் இருந்த அதன் வால்டன்புக்ஸ் கடைகளும். அன்றைய காமிக்ஸ் கடைகள் பெரும்பாலும் சூப்பர்ஹீரோ இதழ் வாங்கும் ஆண்களின் இடமாகவே இருந்தன. மாலுக்கு வந்த பள்ளி மாணவிகள் பார்டர்ஸ் இடைவழியில் தரையில் உட்கார்ந்து படித்தார்கள், பிடித்ததை வாங்கிப்போனார்கள். பெண் பிள்ளைகளுக்காக வரையப்படும் ஷோஜோ மங்கா அங்கே வேர்விட்டது அவர்களால்தான். அந்த வாசலைக் காமிக்ஸ் கடைகள் அன்று திறக்கவில்லை என்பது நியாயமான குற்றச்சாட்டு.

பிறகு 2011 வந்தது. பிப்ரவரி 16 அன்று பார்டர்ஸ் திவால் மனு கொடுத்தது. ஜூலையில், மிச்சமிருந்த 399 கடைகளையும் மூடும் விற்பனை தொடங்கியது. செப்டம்பரில் எல்லாம் முடிந்தது. அதற்குள், மே 31 அன்றே, டோக்கியோபாப் தன் லாஸ் ஏஞ்சலஸ் அலுவலகத்தை மூடிவிட்டது. ஜப்பானியப் பதிப்பகமான கொடான்ஷா தன் உரிமங்களை 2009இலேயே திரும்ப எடுத்துக்கொண்டதில் அந்தப் பதிப்பகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. பெரிய வாடிக்கையாளரான பார்டர்ஸின் வீழ்ச்சி அதன்மேல் விழுந்த அடுத்த அடி.

இதில் நொந்துபோனவர்கள் பாதித் தொடரோடு நின்றவர்கள். ஃப்ரூட்ஸ் பாஸ்கெட் தொடரின் 23 தொகுதிகளும் டோக்கியோபாப்பில் முழுமையாக வந்தவை. ஆனால் பதிப்பகம் மூடியதும் அவை அச்சில் இல்லாமல் போயின. யென் பிரஸ் என்ற வேறொரு பதிப்பகம் மறுபடி கொண்டுவந்தது 2016இல், அதுவும் 12 பெரிய தொகுதிகளாக. பழைய பதிப்பில் இரண்டோ மூன்றோ குறைந்தவருக்குப் புதிய பதிப்பு உதவாது. தொகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் மாறிவிட்டது, முதுகின் உயரமும் பொருந்தாது. பழைய புத்தகச் சந்தையில் தேட வேண்டியதுதான்.

பார்டர்ஸ் போனது மட்டும்தான் சிக்கல் என்றால் அது பழங்கதை. இன்றைய கடையிலும் அதே ஓட்டை விழுவதற்குக் காரணம், செயின் கடையின் கணினிக்குத் தொடர் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு தொகுதிக்கும் தனி ஐஎஸ்பிஎன் எண், ஆகவே ஒவ்வொன்றும் தனிப் புத்தகம். 5ஆம் தொகுதி சில மாதம் விற்காமல் நின்றால் அதைப் பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்பலாம். புத்தக வணிகத்தில் விற்காததைத் திருப்பும் உரிமை கடைக்கு உண்டு. 4ஐ வாங்கியவர் அடுத்த மாதம் வரும்போது அலமாரியில் 1, 2, 4, 6, புதிதாக வந்த 19 என்று நிற்கும். 5 இல்லாததால் 6ஐ யாரும் எடுக்க மாட்டார்கள், எனவே 6ம் விற்காத கணக்கில் சேர்ந்து அடுத்த பெட்டியில் கிளம்பும்.

பதிப்பகத்தின் அச்சு எண்ணிக்கை இதற்கு மேல் இன்னொரு பள்ளம். முதல் தொகுதி நிறைய அச்சாகும், போகப்போகக் குறையும். தொடரின் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) ஓடத் தொடங்கியதும் புது வாசகர்கள் 1இலிருந்து கிளம்புவார்கள். முதல் தொகுதிகளுக்கு மறுபதிப்பு உடனே வரும். குறைவாக அச்சான நடுத்தொகுதிகள் தீர்ந்துபோய், அவற்றின் மறுபதிப்புக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். 2021இல் அமெரிக்க மங்கா விற்பனை முந்தைய ஆண்டைவிட இரு மடங்குக்கும் மேல் ஏறியபோது, காகிதத் தட்டுப்பாடும் கப்பல் தாமதமும் சேர்ந்து இதை எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தன.

காமிக்ஸ் கடையில் பெயர் கொடுத்துவைப்பதை அங்கே புல் லிஸ்ட் என்பார்கள். சிவகாசியின் லயன், முத்து காமிக்ஸுக்குச் சந்தா கட்டிப் பழகியவர்களுக்கு இது புரிய அதிக நேரம் ஆகாது. நீங்கள் சொல்வது ஒரு புத்தகத்தின் பெயரை அல்ல, தொடரின் பெயரை. கடைக்காரர் ஒவ்வொரு தொகுதியையும் வெளியீட்டுக்கு முன்பே உங்கள் கணக்கில் வரவழைத்து எடுத்துவைப்பார். முதல் அச்சிலேயே பிரதி கிடைத்துவிடுவதால் மறுபதிப்புக் காத்திருப்பு உங்களைத் தொடாது.

இதை ஒழுங்காகச் செய்யச் சில பழக்கங்கள் வேண்டும். சேரும்போது தொடரின் பெயரோடு பதிப்பகம், பதிப்பு வகை, அடுத்த தொகுதியின் ஐஎஸ்பிஎன் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். ஒரே தொடருக்குத் தனித் தொகுதி, மூன்று சேர்த்த ஆம்னிபஸ், கெட்டி அட்டை என்று பதிப்புகள் இருந்தால் மாற்றி வந்துவிடும். ஏற்கெனவே வெளிவந்த தொகுதிகளையும் நிரப்பித் தருவாரா என்று தனியாகக் கேளுங்கள், பல கடைகளில் புல் லிஸ்ட் என்றால் இனி வருவது மட்டும்தான். அப்படி நிரப்பும்போது 1இலிருந்து வரிசையாக வாங்காமல் நடுவிலிருக்கும் தொகுதிகளை முதலில் பிடியுங்கள், 1 எப்போதும் கிடைக்கும். தொடரை நிறுத்துவதானால் இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். சிறு கடைகளுக்கு வரும் சரக்கில் பல திருப்பி அனுப்ப முடியாதவை. நீங்கள் எடுக்காத தொகுதி அவருடைய நஷ்டம், அப்படி நாலைந்து பேர் செய்தால் கடை மங்காவையே குறைத்துவிடும்.

விலைக் கணக்கையும் பார்த்துவிடலாம். 72 தொகுதியுள்ள நருட்டோவை, தொகுதி 11.99 டாலர் என்று வைத்தால், முழுதாக வாங்க 863 டாலர் ஆகும். பார்ன்ஸ் அண்ட் நோபிளின் கட்டண உறுப்பினர் அட்டை ஆண்டுக்கு 39.99 டாலர், தள்ளுபடி 10 சதவீதம். அனுப்பும் செலவைச் சேர்க்காமல் பார்த்தால், ஆண்டுக்கு 34 தொகுதிக்குக் குறைவாக வாங்குபவருக்கு அட்டைக் காசே திரும்பாது. புல் லிஸ்ட் வைத்திருப்பவருக்குச் சந்தா எதுவும் வாங்காமலேயே 10 சதவீதம் குறைக்கும் காமிக்ஸ் கடைகள் உண்டு, எல்லாக் கடையும் அப்படி இல்லை. ஆக விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. திரும்ப விற்கும்போதுதான் வித்தியாசம் பெரிது. முழுச் செட்டுக்கு வாங்குபவர் வரிசையில் நிற்பார். 23 தொகுதியுள்ள தொடரில் 20 மட்டும் இருந்தால், விட்டுப்போன மூன்றையும் தான் தேட வேண்டும் என்று கணக்குப் போட்டு உதிரி விலைக்குத்தான் கேட்பார்.

பார்ன்ஸ் அண்ட் நோபிளும் மாறியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2019இல் எலியட் நிறுவனம் வாங்கி ஜேம்ஸ் டான்ட் பொறுப்பேற்றபின், எதை அடுக்குவது என்ற முடிவு அந்தந்தக் கடைக்குப் போனது, திருப்பி அனுப்புவதும் குறைந்தது. 2024இல் மட்டும் ஐம்பதுக்கும் மேல் புதுக் கடைகள் திறந்தார்கள். மங்கா தெரிந்த ஊழியர் இருக்கும் கிளையில் மேலே சொன்ன ஓட்டை விழாமலும் போகலாம். அது அந்த ஊழியர் வேறு வேலைக்குப் போகும் வரைதான் என்பது என் சந்தேகம். புதுத் தொடரின் முதல் தொகுதியைப் புரட்டிப் பார்க்க இன்றும் அதுவே நல்ல இடம்.

இணையக் கடையில் எல்லாத் தொகுதியும் தெரியும், மூலை மடங்காமல் வருவது அதிர்ஷ்டம். அதில் விதிவிலக்காக இருந்தது ரைட் ஸ்டஃப். 1987இல் அயோவாவில் தொடங்கியது, பதிப்பகவாரியாக மாறிமாறித் தள்ளுபடி தந்தது. 2022இல் அனிமே ஒளிபரப்பும் கிரஞ்ச்சிரோல் நிறுவனம் அதை வாங்கி, 2023 அக்டோபரில் தன் கடையோடு இணைத்துவிட்டது. வெளியாட்கள் விற்கும் பெரிய இணையச் சந்தைகளில் போலிப் பிரதிகளும் திரிகின்றன. கோடுகள் மங்கலாக இருப்பது, முதுகில் பதிப்பகச் சின்னம் மற்றத் தொகுதிகளோடு நேர்கோட்டில் வராதது, உயரம் ஓரிரு மில்லிமீட்டர் மாறுவது ஆகிய மூன்றையும் பாருங்கள்.

செயலி வாசிப்புக்கு அருமை, சேகரிப்புக்கு உதவாது. விஸ் நிறுவனத்தின் ஷோனென் ஜம்ப் சந்தா 2018 டிசம்பரில் மாதம் 1.99 டாலருக்குத் தொடங்கி இப்போது 2.99 ஆகியிருக்கிறது. நாளொன்றுக்கு 100 அத்தியாயம் வரை படிக்கலாம், இந்தியாவிலும் சிங்கப்பூரிலும்கூடக் கிடைக்கிறது. எதை அச்சில் வாங்குவது என்று முடிவெடுக்க இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் ஜப்பானியப் பதிப்பகங்கள் சேர்ந்து 2011இல் நடத்திய ஜேமங்கா தளம் 2013 மே மாதம் மூடியபோது, காசு கொடுத்து வாங்கிய தலைப்புகளும் வாசகர் கையை விட்டுப் போயின.

காமிக்ஸ் கடைக்கும் ஒரு பலவீனம் உண்டு. அவற்றுக்குப் பல காலம் சரக்கு கொடுத்த டயமண்ட் விநியோக நிறுவனம் 2025 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. அதை மட்டும் நம்பியிருந்த கடையில் உங்கள் முன்பதிவு தடுமாறும். விஸ் தொகுதிகள் சைமன் அண்ட் ஷூஸ்டர் வழியாகவும், கொடான்ஷா தொகுதிகள் பெங்குவின் ராண்டம் ஹவுஸ் வழியாகவும், யென் பிரஸ் ஹாஷெட் வழியாகவும் புத்தக வணிகத்துக்குப் போகின்றன. பெயர் கொடுக்கும் முன், இந்த மூன்றில் எவற்றோடு கடைக்கு நேரடிக் கணக்கு இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டு இருந்தால் தாராளமாகச் சேரலாம். ஒன்றுகூட இல்லையென்றால், அந்தக் கடை எவ்வளவு அருகில் இருந்தாலும், நீளமான தொடரை அங்கே தொடங்காதீர்கள்.