முன்கண்ணாடிக் கல்லடிக்கு வீட்டு ரெசின் கிட்: சில வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

காரின் முன்கண்ணாடியில் கல் தெறித்து விழும் சிறு பெயர்ப்பை (கல்லடி), வெயில் பட்டால் இறுகும் ரெசின் என்ற பிசின் திரவத்தால் வீட்டிலேயே நிரப்பத்தான் இந்தக் கிட். அதன் அட்டையில் இருக்கும் 'முன், பின்' படங்களை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் நீர்த்துளி காய்ந்த மாதிரி ஒரு தடம் நிற்கும். விரிசல் மேற்கொண்டு நீளாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அந்தக் கணக்கில், ஒழுங்காக நிரம்பிய கல்லடி வருடக்கணக்கில் அப்படியே இருக்கிறது. அரைகுறையாக நிரம்பியது அடுத்த வெயில் காலத்திலேயே கால் நீட்டுகிறது.

முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் சுமார் 0.76 மி.மீ. பி.வி.பி. படலம் (தகடுகளை ஒட்டிப்பிடிக்கும் பிளாஸ்டிக்). கல் வெளித்தகட்டை மட்டும் பெயர்த்திருந்தால்தான் இந்த வேலை. உள்பக்கம் விரலால் தடவினால் நெருடுகிறதா, அடி 25 மி.மீ.க்கு மேல் அகலமா, விளிம்பிலிருந்து 5 செ.மீ.க்குள் இருக்கிறதா, கண்ணாடிக்குப் பின்னால் பொருத்திய ஓட்டுநர் உதவிக் கேமராவுக்கு நேர் முன்னால் இருக்கிறதா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் கிட்டை எடுக்க வேண்டாம். ஓட்டுநரின் நேர் பார்வையில் விழுந்த அடியையும் விட்டுவிடலாம். மிச்சத் தடம் இரவில் எதிர்வண்டி வெளிச்சத்தைச் சிதறடிக்கும். பக்கக் கண்ணாடி வேறு ரகம், அதற்கு இது உதவாது.

அடி பட்ட அன்றே அதன்மேல் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டுவது பாதி வேலை. தூசியும் சோப்புத் தண்ணீரும் உள்ளே போய்விட்டால் ரெசின் அங்கே பிடிக்காது. வேலைக்கு முன் காரைக் கழுவக் கூடாது, கிளீனரும் தெளிக்கக் கூடாது. குண்டூசியால் பொடிக் கண்ணாடியை மெல்ல நெம்பி எடுங்கள் (கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கட்டாயம்). ஈரம் இருந்தால் உள்பக்கத்திலிருந்து ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் காட்டி, பிறகு கண்ணாடி முழுக்க ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடான கண்ணாடி விரிந்து மயிரிழை விரிசல்களின் வாயை மூடிக்கொள்ளும், ரெசின் நுழையாது.

நிழலில், 15 முதல் 25 டிகிரி செல்சியசில் வேலை செய்வது சுகம். வெயிலில் பாட்டிலைத் திறந்தால் ரெசின் ஊசிமுனையிலேயே இறுகத் தொடங்கும். தாங்கியின் (ரெசின் குழலைக் கண்ணாடியில் பிடித்து நிறுத்தும் சட்டம்) ரப்பர் வளையம் அடியின் நடுப்புள்ளியில் உட்காரட்டும். குழலில் 3 முதல் 5 சொட்டு ரெசின் போதும். குழலுக்குள் இருக்கும் பிஸ்டனை மேலே இழுத்துப் பூட்டி 10 நிமிடம் விட்டால் உள்ளே அடைந்த காற்று வெளியேறும். ஒரு கணம் காற்றை விட்டு, கீழே அழுத்திப் பூட்டி இன்னும் 10 நிமிடம். பெரும்பாலான சொதப்பல் இந்த இடத்தில்தான்: ஒரே சுற்றோடு நிறுத்திவிடுவார்கள். புல்ஸ்ஐ எனப்படும் வட்டமான அடிக்கு அது போதலாம், நடுவிலிருந்து கால்கள் பிரியும் நட்சத்திர விரிசலுக்கு இரண்டு மூன்று சுற்று வேண்டும். அவசரப்பட்டுத் திருகை இறுக்கினால் நட்சத்திரத்தின் கால் கண்ணெதிரே நீளும்.

நிரம்பியதா என்று பார்க்க, வெளியே கருப்புத் துணி பிடித்துக் காருக்குள்ளிருந்து பாருங்கள். வெள்ளி மாதிரி பளபளக்கும் கோடு இருந்தால் அங்கே இன்னும் காற்று இருக்கிறது. ரெசினின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு) கண்ணாடியின் 1.5-க்குப் பக்கத்தில் இருப்பதால், நிரம்பிய இடத்தில் பளபளப்பு செத்துவிடும். இறுகவிடுமுன் இந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும். விரிசலுக்குள் இறுகிய ரெசினைத் தோண்டி எடுத்து இரண்டாம் தடவை நிரப்ப முடியாது, கடைக்காரராலும்தான்.

கடைசியில் மேற்குழியில் (கல் பட்டுப் பெயர்ந்த வெளிப்பள்ளம்) ஒரு சொட்டு கெட்டி ரெசின், அதன்மேல் பிளாஸ்டிக் படலம். படலம் இல்லாமல் காயவைத்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பை இறுகவிடாது, பிசுபிசுவென்றே கிடக்கும். நல்ல வெயிலில் 10 நிமிடம், மேகமூட்டமென்றால் அரை மணி நேரத்துக்கும் மேல். யு.வி. விளக்கை வெளிப்பக்கத்திலிருந்துதான் காட்ட வேண்டும், நடுவிலுள்ள பி.வி.பி. படலம் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடுவதால் உள்ளிருந்து காட்டுவது வீண். பிறகு பிளேடைக் கண்ணாடிக்குச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டுங்கள். சாய்த்துப் பிடித்தால் குழியிலிருக்கும் ரெசினும் பெயர்ந்து வரும்.

நாளடைவில் முதலில் தேய்வது மேற்குழி நிரப்பல். ரெசின் இறுகும்போதே கொஞ்சம் சுருங்குகிறது, வைப்பர் வேறு தேய்த்துக்கொண்டே இருக்கிறது. நகத்தில் பள்ளம் தட்டுப்பட்டால் அதை மட்டும் சுத்தம் செய்து மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். மலிவு ரெசின் மஞ்சளிக்கும், பார்க்கத்தான் அசிங்கம். திறந்த பாட்டிலை மட்டும் வைத்துக்கொண்டு நம்ப வேண்டாம். அடுத்த கல்லடிக்கு எடுக்கும்போது குழைந்து நூலாக இழுபட்டால், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய ரெசின் வாங்குங்கள்.