நாச்சியார்கோவிலில் வாங்கிய வெண்கலக் கைமணி: இடது கைக்கு ஏற்றதா?

மணி வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் கைப்பிடியின் உச்சியில் இருக்கும் நந்தி அழகாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். நான் சிவன் கோயில் குருக்கள். எனக்கு முதலில் எடை. வலது கை தீபத்தைச் சுற்றும்போது இடது கை மணியை விடாமல் அடிக்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகத் தீபங்கள் காட்டி முடிப்பதற்குள் கனமான மணி மணிக்கட்டை ஒருவழி பண்ணிவிடும்.

பழைய மணி கீறல் விட்டதால், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நாச்சியார்கோவிலுக்குப் போனேன். புவிசார் குறியீடு பெற்ற குத்துவிளக்குகளின் ஊர். பட்டறையோடு சேர்ந்த சின்னக் கடை. கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தவை எல்லாம் தங்கம் போல மின்னின. பித்தளை. "வெண்கலம் காட்டுங்க" என்றதும், "அப்படிச் சொல்லுங்க சாமி" என்று உள்ளே போனார்.

பித்தளை செம்பும் துத்தநாகமும். மணிக்கு வேண்டியது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம். ஏறக்குறைய 78 பங்கு செம்புக்கு 22 பங்கு வெள்ளீயம். இவ்வளவு வெள்ளீயம் சேர்வதால்தான் உலோகம் கடினமாகி நாதம் நீளுகிறது. அதே காரணத்தால், கல் தரையில் விழுந்தால் நசுங்காமல் விரிசல் விட்டுவிடும். உள்ளிருந்து வந்த மணியில் அந்தத் தங்க மினுக்கு இல்லை, சற்று வெளிறிய மஞ்சள்.

இரண்டையும் கயிற்றில் தொங்கவிட்டு, விளிம்பில் மரக்கட்டையால் தட்டிப் பார்த்தேன். பித்தளை 'டிங்' என்று சட்டென அடங்கிவிட்டது. வெண்கலம் பட்டறையில் அரம் போடும் சத்தத்தையும் தாண்டி இழுத்துக்கொண்டே போனது. ஏழு நொடி ஒலித்தால் ஏழு சக்கரமும் விழிக்கும் என்று வாட்ஸப்பில் வருகிறதே, அதற்காக இதைப் பார்க்கவில்லை. நைவேத்தியத்துக்குத் திரை போட்ட பிறகு வெளியே நிற்பவர்களுக்கு உள்ளே நடப்பதைத் தெரிவிப்பது மணி ஒன்றுதான். அடிக்கு அடி ஒலி அறுந்தால் அவர்கள் கவனமும் அறுந்துபோகும்.

பூஜை தொடங்கும்போது மணிக்கே பூ வைத்து, தேவர்கள் வரட்டும், அரக்கர்கள் போகட்டும் என்று மந்திரம் சொல்லித்தான் அடிக்கிறோம். வைணவர்கள் இன்னும் ஒரு படி மேல்; வேதாந்த தேசிகரைத் திருமலைக் கோயில் மணியின் அவதாரம் என்றே கொண்டாடுகிறார்கள். இப்போது பல கோயில்களில் மேளமும் மணியும் ஒன்றாக அடிக்கும் மோட்டார் இயந்திரம் வந்துவிட்டது. ஆள் இல்லாத கோயிலில் வேறு வழியில்லை, சரி. ஆனால் அது ஓடும்போது கைமணி என்ற ஒன்று கருவறையில் இருப்பதே யாருக்கும் கேட்பதில்லை. மின்சாரம் போனால்தான் ஞாபகம் வரும்.

வாங்கிய மணிக்கு வருகிறேன். முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. விலை எடைக்கணக்கு, பித்தளையைவிட நன்றாகவே அதிகம். கொடுக்கலாம். வாய் வட்டம் சீராகக் கடைந்திருக்கிறார்கள், எந்தப் பக்கம் நாக்கு பட்டாலும் ஒரே சுருதி. கைப்பிடி உள்ளங்கையில் உறுத்தவில்லை.

குறைகளும் உண்டு. நந்தியின் முகத்தில் வேலை போதாது. தூரத்தில் இருந்து பார்த்தால் ஆட்டுக்குட்டி. அது போகட்டும். கைப்பிடியைத் தனியாக வார்த்துத் திருகியிருக்கிறார்கள், தினசரி அடியில் திருகு தளர்ந்து நாதத்தோடு ஒரு 'கிர்' சேர்ந்துகொண்டது. இறுக்கினால் போய்விடுகிறது, பிறகு திரும்பி வருகிறது. பெரிய குறை நாக்கு மாட்டியிருக்கும் கொக்கிதான். மணி முழுக்க வெண்கலம், கொக்கி மட்டும் இரும்புக் கம்பி! கருவறை ஈரத்தில் துருப்பிடித்துவிட்டது. உள்ளூர்ப் பாத்திரக் கடையில் தடிமனான செம்புக் கம்பி போட்டுக்கொண்டேன்.

வீட்டுப் பூஜைக்கு என்றால் இதில் பாதி எடையே போதும். எதை எடுத்தாலும், பணம் கொடுப்பதற்கு முன்பு மணியைக் கவிழ்த்து உள்ளே கொக்கியைப் பாருங்கள். இரும்பாக இருந்தால் அங்கேயே மாற்றித் தரச் சொல்லுங்கள்.