கியர்பாக்ஸ் மாற்றும்போது கன்வெர்ட்டர்: பழசா, கூட வந்ததா, வெட்டிச் செய்ததா?

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வேகம் குறையும், லாக்-அப் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகக் கோர்க்கும் கிளட்ச்) விடும், டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை எண்ணெய் வழியாக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) எண்ணெய்க்குள் வழுக்கியே வண்டியை இழுக்கும். அந்த வழுக்கலெல்லாம் சூடுதான். அதனால் மலை ஏறுகிற ஆட்டோமேட்டிக் வண்டிக்குக் கன்வெர்ட்டரைத் தப்பாகப் போட்டால் புது கியர்பாக்ஸும் வீண்.

கன்வெர்ட்டர் கியர்பாக்ஸோடு சேர்ந்தது. அதன் கழுத்துதான் ஆயில் பம்பை ஓட்டுகிறது. ஸ்டேட்டர் (கன்வெர்ட்டருக்குள் எண்ணெயைத் திருப்பிவிடும் சக்கரம்) பல்லும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பல்லும் உள்ளே உட்கார வேண்டும். ஃப்ளெக்ஸ் பிளேட் (கன்வெர்ட்டரை இன்ஜினின் கிராங் ஷாஃப்ட்டோடு இணைக்கும் மெல்லிய தட்டு) இன்ஜினோடு சேர்ந்தது. கிராங் போல்ட் துளை, பேலன்ஸ், ஸ்டார்ட்டர் கடிக்கும் ரிங் கியர் எல்லாம் அந்தப் பக்கத்துக் கணக்கு. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் தகராறு வரும்.

பழைய கன்வெர்ட்டரையே போட்டால் காசு மிச்சம். ஆனால் பழைய பாக்ஸ் கிளட்ச் தேய்ந்து போயிருந்தால் அந்தத் தூள் கன்வெர்ட்டருக்குள் இருக்கும். வெல்ட் அடித்து மூடிய சாமான். எவ்வளவு அலசினாலும் முழுக்க வராது, புது பாக்ஸின் வால்வு பாடியில் (கியர் மாற்ற எண்ணெயைப் பிரித்து அனுப்பும் பகுதி) போய் அடைக்கும். கல்லில் அடிபட்டு ஹவுசிங் (வெளிக்கூடு) மட்டும் உடைந்த வண்டி என்றால் இதை யோசிக்கலாம், மற்றபடி வேண்டாம். ஆயில் கூலருக்கும் இதே கதிதான்.

பாக்ஸோடு வந்த கன்வெர்ட்டரில் கழுத்துக்கும் பல்லுக்கும் கவலையில்லை. ஃப்ளெக்ஸ் பிளேட் பக்கம் போல்ட் வட்டம் (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), கிராங்கில் உட்காரும் மூக்கின் விட்டம், ஆழம் மூன்றையும் அளந்தே ஆக வேண்டும். பழைய ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) வண்டிகளில் 153 பல், 168 பல் என இரண்டு ரிங் கியர்; போல்ட் வட்டமும் 10.75 அங்குலம், 11.5 அங்குலம் என இரண்டு. பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். பெட்ரோல் வண்டியின் கன்வெர்ட்டர் டீசலுக்குப் போனால் ஸ்டால் ஆர்பிஎம் (பிரேக் பிடித்தபடி ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் இன்ஜின் எட்டும் சுற்று) பொருந்தாது. அது கூடிப்போனால் வளைவுக்கு வளைவு சூடு ஏறும்.

ஆழம் பார்க்கும் முறை இது. கன்வெர்ட்டரில் ஒரு லிட்டர் அளவு சரியான ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) ஊற்றி, சுழற்றியபடி உள்ளே தள்ளுங்கள். ஸ்டேட்டர், ஷாஃப்ட், பம்ப் என்று படிப்படியாக ‘டக்’கென இறங்கும். பெல் ஹவுசிங் (கன்வெர்ட்டர் உட்காரும் கூடு) வாயில் இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, போல்ட் காது எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளந்து, இன்ஜின் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் பிளேட் நீட்டியிருக்கும் அளவைக் கழியுங்கள். பழைய ஜிஎம் பாக்ஸ்களில் மிச்சம் 3 முதல் 5 மி.மீ. வரும், உங்கள் வண்டிக்கு சர்வீஸ் மேனுவல் சொல்வதுதான் அளவு. இடைவெளியே இல்லாமல் போல்ட்டால் இழுத்து மூடினால் பம்ப் உடையும். அதிகமானால் கழுத்து பம்பை நுனியில் மட்டும் பிடித்துத் தேய்க்கும்.

வெட்டிச் செய்த கன்வெர்ட்டர்தான் மலை வண்டிக்கு என் தேர்வு. லாத்தில் வெட்டி, கழுவி, லாக்-அப் லைனிங் மாற்றி மறுபடி வெல்ட் அடிப்பார்கள். அதன்பின் பேலன்ஸ், லீக் டெஸ்ட், கழுத்து ரன்அவுட் (சுழலும்போது வரும் ஆட்டம்) மூன்றும் பார்க்காத பட்டறையில் கொடுக்காதீர்கள். ஸ்டால் பழைய அளவிலேயே இருக்கட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எதைப் போட்டாலும் டவல் பின் (இன்ஜினையும் பாக்ஸையும் நேராகப் பொருத்தும் ஊசி) இரண்டும் இருக்கிறதா பாருங்கள். பல நேரம் பழைய இன்ஜினிலேயே தங்கிவிடும். அது இல்லாமல் பாக்ஸ் இம்மியளவு விலகினாலும் முன் சீல் ஒழுகும், நாளடைவில் ஃப்ளெக்ஸ் பிளேட் விரிசல் விடும். ஃப்ளெக்ஸ் பிளேட்டில் நீளமான போல்ட் போட்டால் கன்வெர்ட்டர் முகம் உள்ளே புடைத்து லாக்-அப் கெடும்.

ஹவுசிங் போல்ட் இறுக்கியதும், பிளேட் போல்ட் போடுவதற்கு முன் கன்வெர்ட்டர் கையால் சுழல வேண்டும். சுழலவில்லையா, பாக்ஸை மறுபடி இறக்குங்கள்.