லத்தீனா, கிரேக்கமா? ஒரு வினையெச்சக்காரனின் கணக்கு

பிரிட்டனில் கிளாசிக்ஸ், அதாவது பண்டைய கிரேக்க, ரோமானிய இலக்கியப் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது எனக்கு இரண்டு மொழியும் தெரியாது. முதலாண்டில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். கூடப் படித்தவர்களில் பலர் லத்தீனுக்குப் போனார்கள், நான் கிரேக்கத்துக்கு. மறு ஆண்டு லத்தீனும் கொஞ்சம் எட்டிப் பார்த்தேன்.

லத்தீனின் சாதகங்கள் ஊரறிந்தவை. எழுத்து புதிதில்லை. ஒரு வினைக்கு நான்கு முதன்மை வடிவங்களை (மற்ற வடிவங்கள் இவற்றிலிருந்தே பிறக்கும்) மனப்பாடம் செய்தால் போதும், கிரேக்கத்துக்கு ஆறு. ரோமோடு நிற்காமல் இடைக்கால ஐரோப்பாவின் சட்டம், திருச்சபை ஆவணம் எல்லாவற்றுக்கும் அதுவே சாவி. கேம்பிரிட்ஜில் லத்தீன் படிக்காமல் வருபவர்களுக்கென்றே நான்காண்டுப் படிப்பு இருக்கிறது.

கிரேக்க எழுத்து மொத்தம் 24தான், ஒரு வாரத்தில் பழகிவிடும். பெண்டு நிமிர்வது வினைச்சொல்லில். சுமக்கிறேன் என்பதற்கு ஃபேரோ, சுமப்பேன் என்பதற்கு ஓய்சோ, சுமந்தேன் என்பதற்கு ஏனெங்கா. மூன்றும் ஒரே வினையாம்! முதல் பருவத்தில் பாதி நாள் அழுகைதான்.

அப்படியும் நான் கிரேக்கத்தின் பக்கம் நிற்பது வினையெச்சத்துக்காக. "வந்து, பார்த்து, எடுத்துக்கொண்டு போனான்" என்று நாம் மூச்சுவிடாமல் கோப்போமே, கிரேக்கன் அதையே செய்கிறான். எல்தோன் என்றால் வந்து, லபோன் என்றால் எடுத்து. கிரேக்க எழுத்தாளர் செனோஃபோனின் 'அனபாசிஸ்' என்ற படையெடுப்பு வரலாற்றின் முதல் பக்கத்திலேயே, பாரசீக ஆளுநன் திஸ்ஸஃபெர்னஸை நண்பனாக லபோன், அதாவது அழைத்துக்கொண்டு, இளவரசன் கூரோஸ் உள்நாட்டுக்கு மேலேறிப் போகிறான். ஆங்கிலம் வழியாகப் போகாமல் அப்படியே தமிழில் விழுந்தது. (பால், எண், வேற்றுமைக்கு ஏற்ப அந்தச் சொல் உருமாறும். அந்தத் தொல்லை நம் எச்சத்துக்கு இல்லை.)

லத்தீனில் பெரும்பாலான வினைகளுக்கு 'செய்து' என்ற இந்த இறந்தகால வடிவமே கிடையாது. 'செய்யப்பட்ட' மட்டும் உண்டு. அதனால் "இவற்றை அறிந்து" என்று சீசர் சொல்ல நினைத்தால், ஹீஸ் ரேபுஸ் கோக்னிதிஸ், "இவை அறியப்பட்ட நிலையில்" என்று சுற்றி வருவார். இல்லாவிட்டால் தனி வாக்கியமே கட்டுவார். ஒவ்வொரு முறையும் அறிந்தது யார் என்று நாம் தேட வேண்டும். தொடக்கத்தில் சுலபமாக இருந்த லத்தீன் உரைநடை, ரோமானியப் பேச்சாளர் சிசெரோவுக்கு வந்ததும் செங்குத்தாக ஏறியது. கிரேக்கம் எனக்கு நேர்மாறு: அடிவாரம்தான் முரடு, பிளேட்டோவுக்கு வந்தபோது மூச்சு சீராகியிருந்தது.

இடைச்சொல்லும் அப்படித்தான். "மூத்தவன் இன்னான், இளையவனோ இன்னான்" என்பதில் வரும் நம் ஓகாரத்தின் வேலையை 'தெ' என்ற துண்டுச் சொல் செய்கிறது.

இதெல்லாம் உரைநடைக்கு மட்டும். லத்தீன் கவிதையை நான் ஒழுங்காகப் படித்ததில்லை. ஓவிடுக்காகவே லத்தீன் எடுப்பவரோடு வாதாட என்னிடம் சரக்கில்லை. பராமரிப்பிலும் கிரேக்கம் செலவாளி: நான்கு மாதம் தொடாமல் விட்டேன், வினைவடிவங்கள் பாதி போயே போய்விட்டன. லத்தீன் அவ்வளவு மோசமாக உதிரவில்லை, நான் படித்ததே கொஞ்சம் என்பதாலும் இருக்கலாம்.

ஒன்றை மட்டும் லத்தீனுக்கு விட்டுக்கொடுக்கிறேன். ரோமானியக் கல்வெட்டுகளில் பார்க்கும் எஸ்.பி.க்யூ.ஆர், 'செனாதுஸ் போபுலுஸ்க்வே ரோமானுஸ்', அதாவது ரோமின் செனட்டும் மக்களும். அந்தக் 'க்வே' நம் 'உம்' போலவே சொல்லின் வாலில் ஒட்டுகிறது.