கிரெண்டி பெயரில் விற்கும் ஜப்பானிங் அலமாரி: பணம் கொடுக்கும் முன் பில்லை வாங்கிப் படியுங்கள்

பழைய ஆங்கிலேய ஜப்பானிங் அலமாரி, அதாவது மரத்தின் மேல் அடுக்கடுக்காக அரக்கு வார்னிஷ் ஏற்றி, பொன் நிறத்தில் சீனத்துப் படங்கள் தீட்டியது, வாங்கும் எண்ணம் இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

லண்டனில் ஒரு டீலரிடம் சிவப்பு மூலை அலமாரி ஒன்று வாங்கினேன். "கைல்ஸ் கிரெண்டி செய்தது, சந்தேகமே வேண்டாம்" என்று 18-ஆம் நூற்றாண்டு லண்டன் மரச்சாமான் பட்டறைக்காரர் ஒருவரின் பெயரைச் சொன்னார், கதவின் உட்புறம் ஒட்டியிருந்த அவருடைய லேபிளையும் காட்டினார். விலையில் பாதி அந்தப் பெயருக்குத்தான். பணம் போய்ச் சேர்ந்த பிறகு வந்த பில்லில் 'கிரெண்டி செய்தது' என்பது 'கிரெண்டி செய்ததாகக் கருதப்படுவது' என்று ஆகியிருந்தது. கேட்டால், அது வழக்கமாக எழுதுவதுதானாம்.

சரி என்று பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் காட்டினேன். விளக்கை அணைத்துவிட்டு யூவி (புற ஊதா ஒளி) டார்ச் அடித்தார். கதவு முழுக்க ஆரஞ்சாக மின்னியது, அது அரக்கு, அதில் குறை இல்லை. லேபிள் மட்டும் சோப்பு விளம்பர வேட்டி மாதிரி நீலவெள்ளையாகப் பளிச்சிட்டது. அந்தப் பளிச்சு காகிதத்தில் சேர்க்கும் வெண்மையூட்டியால் வருவது, அது 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. கிரெண்டி இறந்தது 1780-இல்! லேபிளை லேசாகத் தூக்கிப் பார்த்தால் அடியில் இருந்த மரமும் சுற்றியிருந்த மரமும் ஒரே நிறம். இருநூறு வருடம் ஒட்டியிருந்தால் அங்கே வெளுப்பு வித்தியாசம் தெரியாமல் இருக்குமா?

இந்தப் பெயரை ஏன் பிடித்துக்கொள்கிறார்கள் என்றால், லண்டன் கிளர்க்கன்வெல்லில் பட்டறை வைத்திருந்த கிரெண்டி, ஸ்பெயினில் இன்ஃபாண்டாடோ பிரபுவின் லாஸ்கானோ மாளிகைக்குச் சிவப்பும் பொன்னுமாக ஒரு பெரிய மரச்சாமான் தொகுதி செய்து அனுப்பினார், அதில் சிலவற்றில் அவருடைய லேபிள் இருக்கிறது. அவ்வளவுதான், அன்றிலிருந்து சிவப்பாக எது கிடைத்தாலும் கிரெண்டி. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸ் தச்சர்கள் தங்கள் பெயர் முத்திரை குத்தியாக வேண்டும், லண்டனில் அந்தக் கட்டாயமே இல்லை, பெரும்பாலான சாமானில் எந்தப் பெயரும் கிடையாது. படத்தை வைத்தும் சொல்ல முடியாது. ஸ்டாக்கர், பார்க்கர் என்ற இருவர் 1688-இலேயே பறவை, மலை, மண்டபம் என்று மாதிரிப் படங்களோடு ஜப்பானிங் கையேடு போட்டுவிட்டார்கள், வீட்டுப் பெண்கள்கூடப் பொழுதுபோக்காக இதைச் செய்தார்கள். போதாக்குறைக்கு, மரவேலை ஒருவர், பூச்சு வேறொருவர் என்பதும் சகஜம்.

அதனால் லேபிளை நீங்களே யூவி டார்ச் அடித்துப் பாருங்கள், டார்ச் விலை பெரிதில்லை. பழைய கணக்குப் புத்தகமோ ரசீதோ இருக்கிறதா என்று கேளுங்கள். 'கருதப்படுவது' மாதிரி ஒட்டு எதுவும் இல்லாமல் 'செய்தவர்: இன்னார்' என்று பில்லில் எழுதித் தரத் தயங்கினால், பெயர் இல்லாத அலமாரிக்கு என்ன விலையோ அதற்கு மேல் ஒரு பவுண்டும் கொடுக்காதீர்கள்.

டீலர் முதலில் கடையிலேயே வேறு சாமான் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அப்புறம் பாதிப் பணம் தருகிறேன் என்றார், அதுவும் போனில். எழுத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.